விசில், பானை, வானம், நிழல்: அடிக்கடி கேட்கப்படும் வீட்டு இயற்பியல் கேள்விகள்

இயற்பியலைப் பள்ளியோடு விட்டவர்களும், படித்து மறந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முடிந்த இடத்திலெல்லாம், நான் சொல்வது சரியா என்று நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது என்று நம்புவதைவிட, கையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு பார்ப்பதில் கிடைக்கும் தெளிவே வேறு.

குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது? அழுத்தம்தான் பருப்பை நசுக்கி வேக வைக்கிறதா?

இல்லை. அழுத்தம் பருப்பை நசுக்குவதில்லை. தண்ணீரை 100 டிகிரிக்கு மேல் சூடாக விடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதன் பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது. நீங்கள் கொடுக்கும் வெப்பம் முழுக்க ஆவியாகிப் போய்விடும். குக்கரில் ஆவி வெளியேற வழியில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். மேலே இருக்கும் வெயிட்டைத் தூக்கும் அளவு அழுத்தம் சேரும்போது, உள்ளே இருப்பது வெளிக்காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம். அப்போது தண்ணீர் 120 டிகிரியை ஒட்டி இருக்கும். வேகும்போது நடக்கும் வேதிமாற்றங்கள் சூடு கூடக்கூட மிக வேகமாக நடப்பவை. அதனால்தான் இந்த 20 டிகிரிக்கு அவ்வளவு மதிப்பு.

இதையே மலையில் தலைகீழாகப் பார்க்கலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வெந்திருக்காது. அங்கே குக்கர் இல்லாமல் சமைப்பது உண்மையிலேயே சிரமம்.

அப்படியென்றால் நான்கு விசில், ஐந்து விசில் என்ற கணக்கு சரியா?

உங்கள் அடுப்பு, உங்கள் குக்கர், வழக்கமான அளவு தண்ணீர் என்று எல்லாம் மாறாமல் இருந்தால் சரிதான். பாட்டி காலத்திலிருந்து அப்படித்தானே வேகிறது. ஆனால் விசில் நேரத்தை அளப்பதில்லை. தேவைக்கு மேல் ஆவி சேர்ந்துவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தீயைப் பெரிதாக வைத்தால் ஐந்து விசில் மளமளவென்று வந்துவிடும், பருப்பு அரைகுறையாக இருக்கும்.

முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடக் கணக்கில் விடுவதே நல்லது. அழுத்தம் முழுதாக ஏறிய பிறகு பெரிய தீ உள்ளே சூட்டைக் கூட்டாது, ஆவியை மட்டும் அதிகம் வெளியே தள்ளும். கேஸ்தான் வீண். ஒரு முறை பெரிய தீயிலும் ஒரு முறை சிம்மிலும் அதே பருப்பை அதே நிமிடங்கள் வைத்துப் பாருங்கள். விசில் எண்ணிக்கை வெகுவாக மாறும், பருப்பின் பதம் அவ்வளவாக மாறாது.

உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமா?

கொதிக்காது. உண்மையில் கொதிநிலை சற்றே ஏறும். ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்டால் ஏறுவது 0.2 டிகிரிகூட இல்லை. சமையலில் அது தெரியவே தெரியாது. சூடான தண்ணீரில் உப்பைப் போட்டவுடன் குபீரென்று பொங்குகிறதே என்றால், உப்புத் துகள்களின் பரப்பில் குமிழிகள் உருவாக இடம் கிடைப்பதுதான் காரணம்.

பால் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை?

பாலில் புரதம் இருக்கிறது. அது குமிழியின் சுவரை உடையாமல் பிடித்துக்கொள்கிறது. மேலே ஆடை வேறு மூடிக்கொள்கிறது. தண்ணீரில் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும், பாலில் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழும்பும்.

மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பிரிட்ஜ் மாதிரி உள்ளே ஒன்றும் இல்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மின்சாரமே இல்லாமல் நம் வீட்டு மூலையில் நடக்கும் அருமையான இயற்பியல்.

பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியே மெதுவாகக் கசிந்து வெளிப்புறத்தை ஈரமாக்குகிறது. அந்த ஈரம் காற்றில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இந்த வெப்பத்தின் அளவு கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். அதே ஒரு கிராமை ஒரு டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டியது 4.2 ஜூல் மட்டுமே. ஆகவே 10 லிட்டர் பானையில் வெறும் 100 கிராம் ஆவியானால் போதும், மீதித் தண்ணீர் முழுவதும் 5, 6 டிகிரி குளிரலாம். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் சற்றுக் குறையும்.

சென்னையில் பானைத் தண்ணீர் அவ்வளவு ஜில்லென்று இல்லை, வேலூரில் ஜில்லென்று இருக்கிறது. தண்ணீர் வேறா, மண் வேறா?

காற்று வேறு. சென்னையில் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். அதில் இன்னும் ஈரம் ஏற இடம் குறைவு, அதனால் ஆவியாதல் மந்தமாகிறது. 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஆவியாதலால் அதிகபட்சம் 22, 23 டிகிரி வரை குளிர்விக்க முடியும். 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. வெயில் அதிகமான ஊரில் பானைத் தண்ணீர் அதிகக் குளிர்ச்சி! நிழலில், காற்று ஓடும் ஜன்னல் பக்கம் வையுங்கள். ஈரத்துணி சுற்றுங்கள். அழகுக்காக பெயின்ட் அடித்த பானையை வாங்காதீர்கள், பெயின்ட் துளைகளை அடைத்துவிடும்.

சோதனை எளிது. ஒரே அளவு தண்ணீரை மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் ஓர் இரவு வைத்துக் காலையில் தெர்மாமீட்டரால் பாருங்கள். பானைக்கு அடியில் தட்டு வைத்து, சொட்டியதையும் சேர்த்து முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு தண்ணீர் ஆவியானது என்பதும் தெரிந்துவிடும்.

ஃபேன் அறையைக் குளிர்விக்கிறதா?

அறையை இல்லை, உங்களை. பழைய மாடல் சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். அந்த ஆற்றல் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் சேரும். மூடிய அறையில் யாரும் இல்லாதபோது ஃபேன் ஓடினால் அறை மிகச் சிறிதளவு சூடாகிறது.

நமக்குக் குளிர்வது இரண்டு காரணங்களால். உடம்பை ஒட்டியிருக்கும் சூடான காற்றை ஃபேன் தள்ளிவிடுகிறது, வியர்வை விரைவாக ஆவியாகிறது. மண்பானைக் கதைதான் இங்கேயும். காய்ந்த தெர்மாமீட்டரை ஃபேனுக்குக் கீழே வையுங்கள், ஒன்றும் இறங்காது. அதன் முனையில் ஈரப் பஞ்சைச் சுற்றிவிட்டு மறுபடி வையுங்கள், விறுவிறுவென்று இறங்கும். ஒரு கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் தரும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆகவே ஆள் இல்லாத அறையில் ஃபேனை நிறுத்துங்கள். "அறை குளிரட்டும்" என்று முன்கூட்டியே போட்டு வைப்பதில் பயனில்லை, வெளிக்காற்று குளிர்ச்சியாக இருந்து ஜன்னலும் திறந்திருந்தால் தவிர.

பிரிட்ஜைத் திறந்து வைத்தால் ஏசி மாதிரி அறை குளிருமா?

சூடாகும். பிரிட்ஜ் உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தைப் பின்பக்கமாக அதே அறையில்தான் கொட்டுகிறது, கம்ப்ரஸர் எடுக்கும் மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேருகிறது. ஏசி அந்த வெப்பத்தைச் சுவருக்கு வெளியே கொட்டுவதால் பிழைக்கிறோம்.

காலையில் எவர்சில்வர் தட்டைத் தொட்டால் ஜில்லென்கிறது, மரப்பலகை அப்படி இல்லை. எவர்சில்வர் அதிகக் குளிர்ச்சியா?

இரவு முழுக்க ஒரே அறையில் இருந்தால் இரண்டும் ஒரே வெப்பநிலைதான். நம் விரலுக்குத் தெரிவது வெப்பநிலையைக் காட்டிலும், விரலிலிருந்து வெப்பம் ஓடும் வேகம். எவர்சில்வர் மரத்தைப்போல நூறு மடங்கு அளவில் வெப்பத்தைக் கடத்தும். அலுமினியம் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ்கட்டிகளில் ஒன்றை அலுமினியத் தட்டிலும் மற்றதை மரப்பலகையிலும் வையுங்கள். தொட்டால் "குளிர்ச்சியாக" இருந்த அலுமினியத்தில்தான் ஐஸ் வேகமாக உருகும். குழந்தைகளிடம் முதலில் எது உருகும் என்று ஊகிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் செய்து காட்டுங்கள்.

சுடுதண்ணீர் பச்சைத் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஐஸ் ஆகும் என்கிறார்களே?

இதற்கு ஒரு பள்ளி மாணவனின் பெயர் இருக்கிறது. 1963-இல் தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற மாணவன் பள்ளியில் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தான். காய்ச்சிய பாலை ஆறவிட்டால் ஃப்ரீஸரில் இடம் போய்விடும் என்று சூடாகவே வைத்தான். காய்ச்சாமலே வைத்த பையனின் பாலைவிட அவனுடையது முதலில் உறைந்திருந்தது. ஆசிரியரிடம் கேட்டபோது நீ குழம்பியிருக்கிறாய் என்று பதில் வந்தது. பிறகு டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் அவன் படித்த பள்ளிக்கு உரையாற்ற வந்தார். அவரிடமும் துணிந்து அதே கேள்வியைக் கேட்டான், வகுப்பு சிரித்தது. ஆஸ்போர்ன் சிரிக்கவில்லை. ஆய்வகத்துக்குத் திரும்பி சோதித்துப் பார்க்கச் செய்தார். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

சரி, உண்மையா? இன்றுவரை முடிவாகவில்லை. சூடான நீர் அதிகம் ஆவியாவது, நீருக்குள் உண்டாகும் சுழற்சி, பாத்திரத்தின் அடியில் இருக்கும் பனி உருகி ஃப்ரீஸர் தட்டோடு நன்றாக ஒட்டிக்கொள்வது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. 2016-இல் பரிட்ஜ், லிண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கவனமாக அளந்து, சூடான நீர் 0 டிகிரியை முதலில் எட்டுவதற்குச் சான்று இல்லை என்றார்கள். தெர்மாமீட்டரை ஒரு சென்டிமீட்டர் மேலே கீழே வைத்தாலே முடிவு மாறிவிடலாம் என்றும் காட்டினார்கள். "உறைந்தது" என்று எதைச் சொல்கிறோம், மேலே முதல் படலம் வந்ததையா, முழுக்கக் கட்டியானதையா என்பதிலும் சிக்கல் உண்டு. எம்பெம்பா கண்டதை நான் சந்தேகிக்கவில்லை. அதைப் பொது விதியாக்குவதைத்தான் சந்தேகிக்கிறேன். நீங்கள் செய்து பார்த்தால், ஒரே வகைப் பாத்திரம், ஒரே எடை, ஃப்ரீஸரில் இடம் மாற்றி மாற்றி வைப்பது, இவற்றைக் கவனியுங்கள்.

வானம் ஏன் நீலம்? ஊதா ஏன் இல்லை?

காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை மிக அதிகமாகச் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாகச் சிதறும். சூரியன் இருக்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலிருந்தும் நம் கண்ணுக்கு வருவது இந்தச் சிதறிய ஒளி. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது ஒளி வெகுதூரம் காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய், சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சும்.

ஊதா நீலத்தைவிட அதிகம் சிதறத்தான் செய்கிறது. ஆனால் சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு குறைவு, நம் கண்ணும் ஊதாவை அவ்வளவு நன்றாக உணராது. கலவையாக வரும் ஒளியை மூளை நீலம் என்று எடுத்துக்கொள்கிறது.

வானத்தின் நிழல்தான் கடலில் நீலமாகத் தெரிகிறதா?

ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு அப்படித்தான் நினைத்தார், அவர் சாதாரண ஆளில்லை. அதைக் கேள்வி கேட்டவர் நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன்.

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை உறுத்தியது. நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவி கையில் இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்த ஒளியை மட்டும் வெட்டிவிடலாம். வெட்டிப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போனபோது கடலின் நீலம் மங்கவில்லை, இன்னும் துலங்கியது. அப்படியானால் நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று வாதிட்டு அதே ஆண்டு 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதே நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று சொல்கிறோம். மிஞ்சும் ஒளியைச் சிதறல் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது.

அங்கே தொடங்கிய சிதறல் ஆராய்ச்சி கொல்கத்தாவில் ஏழு ஆண்டுகள் நீண்டது. கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த வேலையில், சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறமே மாறி வருவதை 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிசெய்தார். 1930-இல் நோபல் பரிசு. தேசிய அறிவியல் நாள் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான்.

போலராய்டு கூலிங் கிளாஸ் யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொண்டு ஒரு குளக்கரைக்குப் போங்கள். கண்ணாடியைக் கையில் பிடித்து நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் பளபளப்பு மறைந்து அடியில் இருக்கும் கல் தெரியும். ராமன் கப்பல் தளத்தில் செய்தது இதுதான்.

நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருமா?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டே நாள் வரும். சென்னைக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒன்று. அன்று செங்குத்தாக நட்ட கம்பிக்கு நிழலே இருக்காது. கன்னியாகுமரி இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். டெல்லிக்கு எந்த நாளும் வராது, அது கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது.

நேரமும் சரியாக 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, சென்னை அதற்குச் சற்று மேற்கே இருக்கிறது. அதனால் ஏப்ரலில் 12.07 வாக்கிலும் ஆகஸ்டில் 12.13 வாக்கிலும் பாருங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே சென்னையில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் மாத நண்பகலில் உங்கள் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும். மொட்டை மாடியில் ஒரு குச்சியும் சாக்பீஸும் போதும், சூரியனை நேரே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கானல் நீர் கண்ணின் ஏமாற்றா?

கேமராவிலும் விழும், ஆகவே கண்ணைக் குறை சொல்ல முடியாது. சூடான தார் ரோட்டை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்து, வானத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளியை மேல்நோக்கி வளைக்கிறது. ரோட்டில் நீங்கள் பார்ப்பது வானத்தின் ஒரு துண்டு. தலையைத் தாழ்த்தினால் "தண்ணீர்" பெரிதாகும்.

இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்ல முடியுமா?

மின்னலிலிருந்து சத்தம் வரும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுங்கள், கிலோமீட்டர் வரும். 30 விநாடிக்குள் சத்தம் வந்தால் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

டெஸ்டரைத் தொட்டால் மின்சாரம் நம் உடம்பு வழியாகத்தான் போகிறதா? ஷாக் ஏன் அடிப்பதில்லை?

ஆமாம், உடம்பு வழியாகத்தான். உள்ளே நியான் பல்போடு பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு மின்தடை இருக்கிறது. 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.23 மில்லிஆம்பியர்தான். உடம்புக்கு உறைக்கத் தொடங்குவது சுமார் 1 மில்லிஆம்பியரில்.

ரப்பர் செருப்பு போட்டிருந்தாலும் எரிகிறதே என்பார்கள். நம் வீட்டு மின்சாரம் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம், விநாடிக்கு 50 சுற்று. உடம்பும் தரையும் ஒரு மின்தேக்கியின் (கெபாசிட்டர்) இரண்டு தகடுகளாகிவிடுகின்றன, அதன் வழியே மிகச் சிறு மின்னோட்டம் பாய்கிறது. பல்பு மங்கலாக எரியும். வெளிச்சமான இடத்தில் அந்த மங்கல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரில் கை வைக்காதீர்கள், மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால்தான் மிதக்கிறார்களா?

அந்த 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் 88, 89 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் மிதக்கிறார்கள். விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போவதால், விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது, தரையில் மோதுவதில்லை. பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பி, மாடியிலிருந்து கீழே போடுங்கள். விழுந்துகொண்டிருக்கும்போது ஓட்டையிலிருந்து தண்ணீர் வராது. கீழே ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

இதெல்லாம் செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?

0-விலிருந்து 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்று, சமையலறை எடை மெஷின் ஒன்று. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, கொதிநீரில் வைத்தால் உடைந்துவிடும். பாதரசம் உள்ளதை வாங்காதீர்கள், சிவப்புத் திரவம் உள்ளது போதும். கடிகாரம் போனில் இருக்கிறது. அப்புறம் ஒரு நோட்டு. தேதி, நேரம், அளவு மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள், எதிர்பார்த்தபடி வராத அளவையும் அடிக்காமல் அப்படியே விட்டு வையுங்கள்.